நம்பிக்கை மாறியதை நண்பரிடம் சொன்ன நேரம், சொல்லாமல் விட்ட நேரம்: உங்கள் அனுபவம் என்ன?

கூழாங்கல்:

மூன்று வருடம் ஆகிறது, இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது, அதனால்தான் இதைத் தொடங்குகிறேன். அப்போது எனக்கு 22 வயது. ஜெபம், ஆராதனை, வாலிபர் கூட்டம் எல்லாவற்றுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தேன், ஆனால் உள்ளே நின்றுவிட்டது. எப்படி நின்றது என்று விளக்கப் போவதில்லை, இதைப் படிக்க வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். ஒரே நாளில் நிற்காது. ஒரு நாள் கவனிக்கும்போது, நின்றே பல மாதம் ஆகியிருக்கும்.

என் தோழியின் அம்மாவுக்குத் திடீரென்று அறுவை சிகிச்சை. ராத்திரி 2 மணி, வெளியே பெஞ்சில் நானும் அவளும் மட்டும். அவள் என் பக்கம் திரும்பி, "எனக்கு வார்த்தையே வரல. நீ நல்லா ஜெபம் பண்ணுவியே, நீ சொல்லு, நான் ஆமென் சொல்றேன்" என்று இரண்டு கையையும் நீட்டினாள். பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். வார்த்தைகள் வந்தன, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, தங்குதடையில்லாமல் வந்தன, பத்து வருடப் பழக்கம் அல்லவா. எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்றெல்லாம் வாய்க்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லிக்கொண்டே, தலைக்கு மேல் குழல்விளக்கு இரைவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அழுது அழுது ஆமென் சொன்னாள்.

கையை விட்டபோது என் உள்ளங்கையில் நீல மை. அவள் தன் கையில் ரத்த வகையையும் அறை எண்ணையும் பேனாவால் எழுதி வைத்திருந்திருக்கிறாள், வியர்வையில் கரைந்து என் கையில் இடவலம் மாறிப் பதிந்துவிட்டது. கழுவத் தோன்றவில்லை, விடியும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா பிழைத்துக்கொண்டார், நன்றாக இருக்கிறார். எனக்குப் பிரச்சினையே அதற்குப் பிறகுதான். "உன் ஜெபம்தான்பா என்னைத் திருப்பிக் கொண்டுவந்துச்சு" என்று பார்க்கிற ஒவ்வொரு முறையும் சொல்கிறார், வீட்டுக்கு வருகிறவர்களிடமும் சொல்கிறார். தோழிக்கு இன்னும் எதுவும் தெரியாது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டுமா? இனிமேல் சொல்லலாமா? உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

மின்மினி:

கூழாங்கல், உங்களுக்கு நடந்ததற்கு நேர் எதிராக எனக்கு. நான் 17 வயதில் தொழுகையை விட்டவள். விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர், யாருக்கும் மத நம்பிக்கை கிடையாது, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கடவுள் இல்லை என்று பேசியிருக்கிறோம், அதில் அதிகம் பேசியவள் நான். 21-இல் எனக்கு அது திரும்பி வந்தது. அவர்களிடம் சொல்ல வெட்கம். உண்மையில் வெட்கம் என்பது சரியான வார்த்தை இல்லை, அவர்களை நான் ஏமாற்றிவிட்டது போல இருந்தது.

அதனால் விடியற்காலை சுபுஹுத் தொழுகை மட்டும், எல்லாரும் தூங்கும்போது, விளக்குப் போடாமல். குழாயைச் சன்னமாகத் திறந்து, கை முகம் கால் கழுவி ஒளு எடுத்துவிட்டு, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவு இடத்தில் தொழுவேன். ஒரு நாள் சஜ்தாவில் இருக்கிறேன், நெற்றி தரையில். பக்கத்துக் கட்டில்காரி விழித்துப் பார்த்திருக்கிறாள், இருட்டில் நான் சுருண்டு கிடப்பது மாதிரி தெரிந்திருக்கிறது. ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கி, "என்னடி ஆச்சு? வயிறு வலிக்குதா?" என்றாள்.

நான் "ஆமா" என்றேன்.

அவள் என்னைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்து, பாட்டிலில் வெந்நீர் நிரப்பிக்கொண்டு வந்து வயிற்றில் வைத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஜன்னல் மெல்ல வெளுத்தது. தொழுகை நேரம் போய்க்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரிகிறது, எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவு அன்பாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். சூரியன் வந்துவிட்டது. அந்த "ஆமா"வை நான் இன்னும் மன்னித்துக்கொள்ளவில்லை. இறைவனிடம் கேட்ட மன்னிப்பு வேறு, அவளிடம் கேட்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

பழைய சாவி:

கூழாங்கல், நேரடியாகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்று ராத்திரி நீங்கள் செய்ததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மறுநாள் சொல்லியிருக்க வேண்டும், மறுவாரமாவது. மூன்று வருடம் என்பது அதிகம்.

என் கதை சின்னது. நானும் என் நண்பனும் வாரம் தவறாமல் சேர்ந்து வழிபாட்டுக்குப் போவோம். ஒரு நாள் வாசலில் வைத்து, செருப்பைக் கழற்றிய பிறகு, "டேய், எனக்கு இதுல நம்பிக்கை போயிடுச்சு, இனிமே உள்ள வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தான். அப்புறம், "சரி, நான் முடிச்சிட்டு வர்றேன், இங்கயே இரு" என்று உள்ளே போனான். ஒரு மணி நாற்பது நிமிடம் அவன் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவன், வரும் வழியில் பாதியில் விட்ட பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். இன்றும் போகிறான், இன்றும் நான் வெளியே இருக்கிறேன்.

இப்போது உங்களுக்கு. முதலில் அந்த அம்மாவிடம் போகாதீர்கள், தோழியிடம் போங்கள், ஏனென்றால் கையை நீட்டியவள் அவள். போனில் வேண்டாம், எழுத்தில் வேண்டவே வேண்டாம், எழுதியதை அவள் திரும்பத் திரும்பப் படிப்பாள், நீங்கள் நினைக்காத அர்த்தமெல்லாம் அதில் வரும். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற வாதத்தைத் தொடவே தொடாதீர்கள், அன்றைக்கு அது விஷயமே இல்லை. "நீ கேட்டப்ப உன்னைத் தனியா விட எனக்கு மனசு வரல" என்பதுதான் உண்மை, அதை முதலில் சொல்லுங்கள், மற்றது பின்னால். அவள் கோபப்பட்டால் பதில் பேசாமல் கேளுங்கள், கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு. உடனே எழுந்து போய்விடவும் வேண்டாம், பலர் செய்கிற தவறு அதுதான், சொல்லிவிட்ட நிம்மதியில் கிளம்பிவிடுவார்கள், கேட்டவர் தனியாகக் கிடப்பார். நெஞ்சறிந்து பொய் சொன்னால் அந்த நெஞ்சே நம்மைச் சுடும் என்று 293-ஆம் குறள் சொல்கிறதே, நீங்கள் எழுதியதில் அந்தச் சூடு தெரிகிறது. மின்மினிக்கும் இதையேதான் சொல்வேன். உங்கள் தோழி முதுகு தேய்த்துவிட்டவள், அவள் ஏற்றுக்கொள்ள மாட்டாள் என்று எதை வைத்து நினைக்கிறீர்கள்?

அரைநிலா:

பழைய சாவி, 293-ஐச் சொன்ன நீங்கள் அதற்கு முந்தைய குறளை விட்டுவிட்டீர்கள். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று சொன்னவரும் அதே வள்ளுவர்தானே. உங்கள் நண்பர் காத்திருக்கச் சொன்னார், அது உங்கள் பாக்கியம். எல்லாருக்கும் அப்படி நடக்காது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் பாடகர் குழுவில் இருந்தேன், 14 வயதிலிருந்து 23 வரை. நீங்கள் சொல்கிற மாதிரியேதான் செய்தேன், நேரில், மரியாதையாக, யாரையும் குறை சொல்லாமல், என் சந்தேகங்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச காலம் விலகி இருக்கிறேன் என்றேன். எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். "நீ எங்க போனாலும் நாங்க இருக்கோம்" என்றார்கள், அப்போது அதை மனதாரத்தான் சொன்னார்கள், அதை இன்றைக்கும் நம்புகிறேன். இரண்டு மாதத்தில் அழைப்புகள் குறைந்தன. ஆறு மாதத்தில் யாரும் இல்லை.

ஒரு நாள் தெருவில் எதிரே ஒருத்தி வந்தாள். ஒன்பது வருடம் என் பக்கத்தில் நின்று பாடியவள், நான் மூச்சு இழுத்தால் அவளும் இழுப்பாள். என்னைப் பார்த்தாள், பார்த்தது எனக்கு நிச்சயமாகத் தெரியும், சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். நான் கடந்து போகும்வரை நிமிரவில்லை. அவள் போட்டிருந்த செருப்பில் வாரே இல்லை.

ரொம்ப நாள் இதைத் துரோகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் ஆய்வைப் பற்றிப் படித்தேன், 2018-இல் வந்தது. அறிமுகம் உள்ள ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல் என்று கணக்கிட்டிருந்தார். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பயிற்சி, ஆராதனை எல்லாம் சேர்த்து வாரம் 9 மணி நேரம். ஆறு மாதத்திலேயே 200-ஐத் தாண்டிவிடும், நாங்கள் ஒன்பது வருடம் இருந்தோம். அந்த நேரத்தை எங்களுக்குக் கொடுத்தது பாட்டு, அந்தக் கூடம், அந்த வார அட்டவணை. தனியாகப் போன் செய்து "வா, சந்திக்கலாம்" என்று சொல்ல நாங்கள் கற்றுக்கொள்ளவே இல்லை, தேவைப்படவும் இல்லை. அட்டவணையிலிருந்து நான் வெளியே வந்ததும், எனக்கு எந்தக் கிழமை போன் செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அதனால் கூழாங்கல், சொல்வதானால் சொல்லுங்கள், ஆனால் அதற்கு முன்னால் அந்தத் தோழியோடு ஆலயத்துக்கு வெளியே ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். வாராவாரம் சேர்ந்து நடைப்பயிற்சி போவதாக இருந்தாலும் சரி. உண்மையைச் சொல்வது ஒரு நாள் வேலை. சொன்ன பிறகு சந்திக்க ஒரு காரணம் இருக்க வேண்டும்.

ஒற்றைத்தோடு:

எனக்குக் கதை எதுவும் இல்லை, கூழாங்கல்லிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்னை தெரசா இறந்து பத்து வருடம் கழித்து, 2007-இல், அவருடைய கடிதங்கள் வெளிவந்தன. பல பத்து வருடம் உள்ளுக்குள் வெறுமையும் இருட்டும்தான் என்று எழுதியிருந்தார். அவ்வளவு காலமும் ஜெபித்துக்கொண்டேதான் இருந்தார். எதையும் உணரவில்லை என்பதால் மட்டும் உங்கள் ஜெபம் பொய் என்று ஏன் முடிவு செய்கிறீர்கள்?

மின்மினி:

பழைய சாவி, உங்கள் கேள்வியை நாலு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். எதை வைத்து நினைத்தேன் என்றால், எதையும் வைத்து அல்ல. நாக்கு எழவில்லை, அவ்வளவுதான்.

இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸாலியைப் பற்றிச் சொல்கிறேன். 1095-இல் பாக்தாதில் பெரிய கல்விக்கூடத்தில் பேராசிரியர், அவர் பேச்சைக் கேட்க அவ்வளவு பேர் வருவார்கள், அவருக்கு ஒரு நாள் பாடம் நடத்த வாய் திறக்கவில்லை, உணவும் உள்ளே இறங்கவில்லை, வைத்தியர்கள் இது மனதிலிருந்து வந்தது என்று கைவிட்டார்கள். அவரே தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அதில் பிடித்துப்போனது வேறு ஒரு வரி. எல்லாவற்றையும் விட்டு ஊரைவிட்டுக் கிளம்பும்போது மக்காவுக்குப் போகிறேன் என்று வெளியில் சொல்லிக்கொண்டு, உள்ளே சிரியாவுக்குப் போகத்தான் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாராம். நண்பர்களுக்கும் கலீஃபாவுக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று. அவ்வளவு பெரியவருக்கே, உள்ளே நடப்பதை வெளியே சொல்ல ஒரு மறைப்பு தேவைப்பட்டிருக்கிறது. அதைப் படித்த அன்றுதான் என் "ஆமா"வை நினைத்து அழுதேன், முதல் முறையாகக் கோபமில்லாமல்.

மேசைவிளக்கு:

நான் உளவியல் முதுகலை மாணவன். என் அனுபவம் என்று சொல்ல ஒன்றுதான்: என் அறை நண்பன் ஒரு நாள் கழுத்தில் கிடந்த சிலுவையைக் கழற்றி என் மேசை இழுப்பறையில் வைத்து, "இதை வெச்சிரு, கேட்டா குடு, கேக்கலன்னா நீயே வெச்சிக்கோ" என்றான். இரண்டு வருடமாக இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது சங்கிலியோடு சரிந்து முன்னால் வருகிறது. அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே எழுதிய எல்லாருக்கும் ஒன்று சொல்ல ஆசை. 18 முதல் 25 வரையிலான வயதைத் தனிப் பருவமாகவே பார்க்க வேண்டும் என்று உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000-இல் எழுதினார், வளரிளம் பருவமும் இல்லை, முழு வயதும் இல்லை. நீங்கள் எல்லாரும் சொல்கிற வயதைப் பாருங்கள், 21, 22, 23. அதற்கு முன்பே 1966-இல் ஜேம்ஸ் மார்சியா என்ற இன்னோர் உளவியலாளர் 86 கல்லூரி மாணவர்களை நேர்காணல் செய்தார். தொழில், அரசியல், மதம் இவற்றைப் பற்றித்தான் கேள்விகள். பதில்களை வைத்து நான்கு நிலைகளைச் சொன்னார். தேடாமலேயே வீட்டில் கொடுத்ததை ஏற்றுக்கொண்டவர்கள் ஒரு வகை. எதையும் தேடாமல் எதையும் பிடிக்காமல் இருப்பவர்கள் ஒரு வகை. தேடிக்கொண்டே இருப்பவர்கள் ஒரு வகை. தேடி ஓர் இடத்துக்கு வந்தவர்கள் ஒரு வகை. இதில் கவனிக்க வேண்டியது, தேடி வந்து சேர்ந்த இடம் பழைய நம்பிக்கையாகவே இருக்கலாம், புதிதாக இருக்க வேண்டும் என்று இல்லை. மின்மினி திரும்பி வந்ததும், பழைய சாவி வெளியே போனதும் ஒரே வேலைதான்.

தேடிக்கொண்டிருக்கும்போது பதற்றம் இருக்கும், அது நோய் இல்லை. அந்தச் சமயத்தில் பெரிய முடிவு எதையும் யாரிடமும் அறிவிக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து, இதில் பழைய சாவியோடு எனக்கு உடன்பாடில்லை. "எனக்கு இப்போ தெரியல" என்பதும் ஓர் உண்மைதான். "நம்பிக்கை போச்சு" என்று அறிவித்துவிட்டால், நாளை மாறினால் அதையும் அறிவிக்க வேண்டிவரும், அந்தக் கூச்சத்திலேயே சிலர் மாறாமல் நின்றுவிடுகிறார்கள். தெரியவில்லை என்று சொல்ல ஒரே ஒரு ஆளாவது வேண்டும். ஒருவேளை என் நண்பனுக்கு அந்த ஆள் நானாக இருந்திருக்கலாம், அன்று இழுப்பறையை மூடிவிட்டுப் பாடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். இன்று ராத்திரி அவனிடம் கேட்கப் போகிறேன்.

தெற்குவாசல்:

நான் உங்களையெல்லாம்விட வயதில் மூத்தவன், 50 தாண்டிவிட்டது. தம்பி தங்கைகள் எழுதுவதைப் பார்த்து ஒன்று சொல்லத் தோன்றியது. அப்பர் சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்ற பெயரோடு இருந்தவர் என்பது தெரிந்திருக்கும், சூலை நோய் வந்து திரும்பினார் என்று எல்லாரும் நோயைத்தான் சொல்வார்கள். எனக்கு அவருடைய அக்கா திலகவதியார்தான் நினைவில் நிற்கிறார். தம்பி ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, அங்கே நான் வர மாட்டேன் என்றார். தன் நம்பிக்கையில் அவ்வளவு உறுதி. ஆனால் தம்பி தானே வந்து காலில் விழுந்தபோது எழுப்பித் திருநீறு கொடுத்தார்.

என் நெருங்கிய நண்பன் 24 வயதில் வேறு மதத்துக்குப் போனான். என்னிடம் சொல்ல வந்தான். நான் வாதாடினேன், மூன்று மணி நேரம், ஒவ்வொன்றாக, நன்றாக வாதாடினேன், ஜெயித்தும்விட்டேன். அவன் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் ஒருநாளும் அவன் டம்ளரைக் கழுவியதில்லை, அப்படியே வைத்துவிட்டுப் போகிறவன். அன்றைக்கு விருந்தாளி மாதிரி கழுவி வைத்தான். அதற்கப்புறம் வரவில்லை.

கூழாங்கல்:

எல்லாருக்கும் நன்றி. ஒற்றைத்தோடு, எனக்கு உணர்வு வராதது மட்டும் இல்லை, அந்தப் பக்கம் கேட்பதற்கு யாரும் இல்லை என்றே தோன்றியது, தெரசா அப்படி எழுதினாலும் அவருக்கு யாரோ இருந்தார், அவரைத்தான் தேடிக்கொண்டிருந்தார். மேசைவிளக்கு, எனக்கு "தெரியல" இல்லை, தெரியும். பழைய சாவி மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன்.

தெற்குவாசல் ஐயா டம்ளரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நேற்று ராத்திரி அவளுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லவில்லை. "அன்னைக்கு உன் கையில எழுதி வெச்சிருந்தியே, ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவளுக்கு அது ஞாபகமே இல்லை. நான் என்ன ஜெபித்தேன் என்பதும் ஞாபகம் இல்லை, ஒரு வார்த்தைகூட. "உன் கை சில்லுன்னு இருந்துச்சு, அது ஞாபகம் இருக்கு. என்னைவிட நீதான் பயந்திருக்கேன்னு நினைச்சேன்" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஞாயித்துக்கிழமை உன்கிட்ட நேர்ல ஒண்ணு பேசணும், ஆராதனை முடிஞ்சு வெளியில இருக்கேன்" என்றேன்.

"வெளியிலயா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, வா" என்றாள்.